‘உ’ இல்லாத பஸ்

"திஸ் இஸ் எ பஸ்," என்று கையை நீட்டிக் காட்டினான் உத்தமன்.

"தெரியுது. ஏறப் போறியா, இல்ல சும்மா வேடிக்க பாக்கறியா?" என்றாள் வேம்புலியம்மாள்.

பட்டாபிராம் ரயில் நிலைய வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அவளைவிட ஆங்கிலம் தெரியாத ஆள் ஊரில் கிடைக்க மாட்டார் என்று நம்பித்தான் உத்தமன் வந்திருந்தான். கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவள். அவன் மனம் தளராமல் தண்டவாளத்தின் பக்கம் திரும்பினான்.

"திஸ் இஸ் எ ட்ரெயின்."

"எது ட்ரெயினு? சென்ட்ரல் ட்ரெயினு போயி எம்மா நேரம் ஆவுது. இது கூட்ஸு. சிக்னல் உழாம நிக்குது."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தான். "திஸ் இஸ் எ டிக்கெட்."

"சிங்கிளா, ரிட்டனா?"

உத்தமன் டிக்கெட்டை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டான்.

"யக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எனுக்கு எங்க நைனா இங்கிலீஷு? அதெல்லாம் உன்ன மாரி படிச்சவங்க சமாச்சாரம். கொஞ்சம் நவுரு, பார்ட்டி வர்ற டைமு. கல்யாண ஆர்டரு. காலைலேர்ந்து ஒரே டென்ஷனு."

உத்தமனிடமிருந்து மங்கோலியா இன்னும் கொஞ்சம் விலகிப் போனது.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்துக் கோடை அது. மங்கோலியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழியோடு ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு ஆசிரியர்கள் தேவை என்ற செய்தியைப் பூந்தமல்லியில் ஒரு மருந்துக்கடை மாடியில் பயிற்சி நிலையம் நடத்திய பார்த்தசாரதி சொன்னபோது, உத்தமனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அஞ்சல் வழியில் ஆங்கில எம்.ஏ. முடித்திருந்தவன் அவன். ஆனால் அவன் உண்மையில் படித்து வளர்ந்தது ரஷ்யாவிலிருந்தும் வேறு எங்கெங்கிருந்தோ தமிழுக்கு வந்த தடித்தடியான நாவல்களை. அவற்றில் எப்போதும் பனி பெய்தது. யாராவது ஒருவர் கம்பளிக் கோட்டின் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டு, சறுக்கு வண்டியில் ஏறி, மனம் உடைந்து எங்கேயோ போனார். பட்டாபிராம் வெயிலில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள, உத்தமனும் அவரோடு போவான். வீட்டிலிருந்த அலுமினியக் கெட்டிலை ஒருநாள், அந்த நாவல்களில் டீ கொதிக்கிற ‘சமோவார்’ என்று சொல்லி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். பார்த்தசாரதி அதை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா நேர்லயே வர்றாங்க. நீங்க கிளாஸ் எடுக்கறதை உக்கார்ந்து பார்ப்பாங்க. யாருக்கு எடுக்கணும்? இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஆளுங்களுக்கு. எப்படி எடுக்கணும்? இங்கிலீஷைத் தவிர வேற பாஷையே வாயில வரக்கூடாது. தமிழ்ல விளக்கம் சொன்னீங்க, அவ்வளவுதான், அடுத்த ஆளு. அங்க போனா உங்க தமிழை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஆளுங்களை நீங்க ஏற்பாடு பண்ணுவீங்களா சார்?"

"அதையும் நானே பண்ணிட்டா நானே மங்கோலியா போயிடலாமே."

இன்னொரு நிபந்தனை வீட்டிலிருந்தது. டாங்க் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த அப்பா கஜபதி அதைச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்.

"கெடச்சா போ. வேணான்னு சொல்லல. கெடைக்கலைன்னா அம்பத்தூர்ல ஜம்புலிங்கம் மாமா லாரி ஆபீஸ்ல போயி உக்காரு. அவரும் எத்தினி நாளு சேரைக் காலியா வெச்சிருப்பாரு?"

ஜம்புலிங்கம் மாமாவின் லாரி ஆபீசில் ஜன்னல் கிடையாது. கிரீஸ் வாடை உண்டு. அங்கே யாரும் மனம் உடைந்து எங்கேயும் போக முடியாது. லோடு ஏற்றுகிறவர்கள் வழிவிட மாட்டார்கள்.

அதனால்தான் அவன் ஒரு வாரமாக ஆங்கிலம் தெரியாத ஆளைத் தேடி அலைந்துகொண்டிருந்தான். கொத்தனார், சித்தாள், மீன்காரம்மா, மாடு மேய்க்கிறவர் என்று யாரைப் பிடித்தாலும் அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவன் சொல்லிக் கொடுக்க நினைத்த எல்லா வார்த்தையும் தெரிந்திருந்தது.

வழி சொன்னவர் மளிகைக் கடை கோவிந்தராஜ். ராணுவக் குடியிருப்பை ஒட்டி அவர் கடை.

"அடப் போ மாமே, இதுக்கா இந்த அலைச்சலு? நம்ம கடைக்கு டெய்லி வருதுங்களே ஜவானுங்க சம்சாரம். வடக்கேர்ந்து வந்ததுங்க. தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஒரு கத்திரிக்கா வாங்கறதுக்குள்ள ஒரு டான்ஸே ஆடிடுதுங்க பாவம்."

"கிளாசுக்கு வருவாங்களா அண்ணே?"

"நான் சொல்றேன் இரு. மிலிட்டரி இந்தி நமக்கு அத்துப்படி."

அப்போதே கடைக்கு வந்த ஓர் உயரமான பெண்ணை நிறுத்தி, உத்தமனைக் காட்டி, "யே மாஸ்டர். படாயேகா. பைசா நஹி," என்று, இவர் மாஸ்டர், சொல்லிக் கொடுப்பார், காசு வேண்டாம் என்ற அளவில் முடித்துவிட்டார் கோவிந்தராஜ். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்து உத்தமனுக்கே ஆச்சரியமாகிவிட்டது. படிப்பின் மேல் இவ்வளவு தாகமா!

மறுநாள் மதியம் ஐந்து பெண்கள் தலையில் முக்காட்டோடு உத்தமன் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். உயரமானவள் கமலேஷ், அரியானாக்காரி. பேசினால் பக்கத்து வீட்டுக் கோழி எழுந்து ஓடும். அவள் பக்கத்தில் அசாமிலிருந்து வந்த ரூனு. சிரிப்பைத் தவிர வேறு சத்தம் வராது. மற்ற மூவரும் வெவ்வேறு திசை. ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்கே பாதிதான் புரிந்தது. உத்தமனுக்கு இந்தி தெரியாது. இதைவிடப் பொருத்தமான வகுப்பு உலகத்தில் எங்கேயும் அமையாது என்று அவனுக்குப் பட்டது.

வகுப்புக்கு முன்பே அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"அவங்க இருக்கற நேரத்துல நீ ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாதும்மா."

"என் ஊட்ல நானு பேசக் கூடாதா?" என்றாள் அங்கம்மா.

"ஒரு மணி நேரம்மா. மங்கோலியாவுக்காக."

"அங்க குதிரப் பாலு குடிப்பாங்களாமே. அதுக்கு நானு வாய மூடிக்கினு இருக்கணுமா?"

ஆனாலும் மூடிக்கொண்டாள். பிள்ளை மேல் அவ்வளவு பாசம்.

"திஸ் இஸ் எ சேர். திஸ் இஸ் எ டேபிள். திஸ் இஸ் எ ஃபேன்."

ஐந்து பேரும் திருப்பிச் சொன்னார்கள். லைட், ஸ்விட்ச், பாட்டில், டம்ளர், கேட் என்று கைக்கு எட்டிய பொருளையெல்லாம் தொட்டுத் தொட்டுச் சொன்னான். போகும்போது கமலேஷ் வாசலில் நின்று, "கேட்!" என்று அதைத் தட்டிக் காட்டிவிட்டு வெற்றியோடு போனாள். உத்தமனின் காதில் சறுக்கு வண்டியின் மணிச் சத்தம் கேட்டது.

மறுநாளே சிக்கல் ஆரம்பித்துவிட்டது.

"வாட் இஸ் திஸ்?"

"சேரு!" என்றார்கள் ஐவரும்.

"நோ. சேர். வாட் இஸ் திஸ்?"

"ஃபேனு!"

"ஃபேன்."

"ஃபேனு," என்றாள் கமலேஷ், ‘பரவாயில்லை, நீங்களும் முயற்சி செய்தால் வரும்’ என்பதுபோல அவனைக் கனிவோடு பார்த்து. ரூனு சிரித்தாள்.

அதுமட்டுமில்லை. அவன் சொல்லிக் கொடுக்காத பைப்பு, பக்கெட்டு, டேங்க்கு, சோப்பு எல்லாம் அவர்கள் வாயில் வந்தன. அவர்களுடைய வேகம் சந்தோஷமாக இருந்தது. அந்த ‘உ’தான் எங்கிருந்து ஒட்டிக்கொண்டதென்று புரியவில்லை. மூன்றாம் நாள் பால் செம்பைக் காட்டி "மில்க்" என்றான். நான்காம் நாள் அதே செம்பைக் காட்டியபோது கமலேஷ் விரலை ஆட்டி மறுத்தாள்.

"நோ மில்க். பாலு."

எல்லாம் மளிகைக் கடையின் வேலை என்று தெரிந்துவிட்டது. உத்தமன் நேரே கோவிந்தராஜிடம் போனான்.

"அண்ணே, அவங்க கடைக்கு வந்தா நீங்க தமிழே பேசக் கூடாது. இங்கிலீஷ்லதான் பேசணும். பால்னா மில்க். அரிசின்னா ரைஸ்."

"பேசிட்டாப் போச்சு. இங்கிலீஷுன்னா நமக்குப் பயமா?"

"இன்னொண்ணு. பிஸ்கட்டு, பாக்கெட்டுன்னு இழுக்காதீங்க. அந்த உ வேண்டாம். பிஸ்கட். பாக்கெட்."

கோவிந்தராஜ் யோசித்தார். "உ இல்லாம வாய எப்பிடிப்பா மூடறது?"

"சட்டுன்னு நிறுத்திடுங்க."

"பிஸ்கட்," என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே கோவிந்தராஜ் நின்றார். தும்மல் வரப் போய் வராமல் நின்றவர் மாதிரி இருந்தது. கல்லாவுக்கு எதிரில் நின்ற ஒருவர், "இன்னா கோவிந்து, பல்லு வலியா? ஒரு கிராம்பு வெச்சுக் கடி," என்றார்.

இரண்டே நாளில் கோவிந்தராஜ் உத்தமனைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாமே, உன் ஸ்டூடண்ட்டு என்னியத் திருத்துதுப்பா!"

"யாரு?"

"அந்த ஒசரமா ஒண்ணு கீதே. நானு உன் பேச்சக் கேட்டு ‘மில்க்’ வோணுமான்னேன். அது என்னிய மேலயும் கீழயும் பாத்துட்டு, ‘பாலு, பாலு’ன்னு நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் குடுக்குது. எனுக்கு! பக்கத்துல நின்னவன்லாம் சிரிக்கிறான். ஆவடி முழுக்க மாடு கறக்குற பரம்பரைப்பா நம்புளுது. எனுக்குப் பாலு சொல்லிக் குடுக்குது!"

"அது... தெருவுல கேட்டுட்டு குழம்பிட்டாங்க அண்ணே."

"கொழம்புனது நானு. நாளைலேர்ந்து எனுக்கு இங்கிலீஷு வேணாம் சாமி."

உத்தமன் வேறு திட்டம் போட்டான். அவர்கள் கடைக்குப் போனால்தானே தமிழ் காதில் விழும்? ஐந்து வீட்டுக்கும் காய், மளிகை, மண்ணெண்ணெய் எல்லாம் தானே வாங்கிக் கொடுத்துவிடுவதாகக் கையாலேயே சொல்லிப் புரியவைத்தான். காலையில் இரண்டு தோளிலும் பைகளோடு ராணுவக் குடியிருப்புக்குள் நுழைகிறவனைக் காவலுக்கு நின்ற சிப்பாய் முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தான்; இரண்டாம் நாள் தன் வீட்டுக்கும் வெங்காயம் சொன்னான். வேம்புலியம்மாள் ஸ்டேஷன் வாசலிலிருந்தே கத்தினாள்: "இன்னா நைனா, எம்.ஏ. படிச்சிட்டு லோடு தூக்கறே? அதுக்கு லாரி ஆபீஸே மேலாச்சே!"

கடைக்குப் போகும் நேரம் மிச்சமானதால் பெண்கள் சீக்கிரமே வகுப்புக்கு வர ஆரம்பித்தார்கள். உத்தமன் மூட்டை சுமந்து வியர்த்து வீடு திரும்புவதற்குள் அவர்கள் வந்து சமையலறையில் அங்கம்மாவைச் சூழ்ந்திருப்பார்கள். அங்கம்மா முதலில் சைகையில்தான் பேசினாள். மாங்காய் ஊறுகாய் எப்படிப் போடுவது என்று சைகையில் விளக்கியபோது, மிளகாய்த்தூள் வந்த இடத்தில் அவளால் தாங்க முடியவில்லை.

"போதும்! போதும்! காரம்!" என்று கத்திவிட்டாள்.

அன்றைக்கு வகுப்பில் உத்தமன் ஃபேனைக் காட்டினான்.

"இஸ் தேர் எ ஃபேன்?"

"ஃபேனு கீது," என்றாள் கமலேஷ்.

"நோ! தேர் இஸ் எ ஃபேன்."

"தேர் இஸ் ஃபேனு கீது."

"நோ, நோ, நோ!"

"போதும், காரம்," என்று ரூனு முதல் முறையாக வாய் திறந்து சமாதானம் சொன்னாள்.

உத்தமன் சமையலறையைப் பார்த்தான். அங்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்பாவியாக நின்றாள்.

இனிமேல் ‘கீது’ என்கிறவர்கள் நின்றுகொண்டே படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டான். ஐந்து பேரும் நின்றார்கள். அவர்கள் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று அங்கம்மாவும் வந்து நின்றாள். ஷிப்ட் முடிந்து வந்த கஜபதி, ஹாலில் ஆறு பெண்கள் விறைப்பாக நிற்பதைப் பார்த்துச் செருப்பைக்கூடக் கழற்றாமல், "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறிப் போனார்.

"இங்கிலீஷ்," என்றான் உத்தமன்.

"இதுக்கு ஜம்புலிங்கம் எவ்ளோ தேவல," என்றார் அப்பா. "நாளைக்கே சொல்லிடட்டுமா?"

"ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து பார்த்துட்டுப் போகட்டும்பா. அப்புறம் நீங்க சொன்ன இடத்துல உக்கார்றேன்."

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அவனுக்கு அந்தப் பிரமாதமான யோசனை வந்தது. சண்டையே எங்கே வருகிறது? தெரு ‘பாலு’ என்கிறது, நாம் ‘மில்க்’ என்கிறோம். தெரு ‘அரிசி’ என்கிறது, நாம் ‘ரைஸ்’ என்கிறோம். அந்த மாதிரி வார்த்தைகளையே தொடாவிட்டால்? தெருவும் தானும் ஒரே மாதிரி சொல்கிற வார்த்தைகளை மட்டும் சொல்லிக் கொடுத்தால் குழப்பத்துக்கு இடம் ஏது? ஊரே தனக்கு உதவி ஆசிரியராகிவிடுமே!

தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. கீழே இறங்கி, கெட்டிலிலிருந்த ஆறிப்போன டீயை மெள்ளச் சுவைத்துக் குடித்தான்.

அதற்குப் பிறகு வகுப்பு பறந்தது. பஸ், ஸ்டாப், டிரைவர், கண்டக்டர், சீட். டைம், லேட், கரெக்ட், ராங். டாக்டர், ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், டானிக், பேண்டேஜ். போஸ்ட்மேன், ரேஷன், கியூ, ஸ்டாக். காய்கறியில் பீட்ரூட், கேரட், பீன்ஸ், கோஸ் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டான். கத்தரிக்காயின் பக்கமே போகவில்லை. பெண்களை மறுபடியும் தைரியமாகக் கடைத்தெருவுக்கு அனுப்பினான். ஒவ்வொரு நாளும் அவர்கள் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. "கண்டக்டரு, ரைட்டு!" என்று கமலேஷ் கையைத் தட்டிக் காட்டியபோது மற்ற நால்வரும் கைதட்டினார்கள். ‘உ’ மட்டும் போகவில்லை. மங்கோலியர்களுக்கு ‘உ’ எங்கே தெரியப் போகிறது என்று அவனும் விட்டுவிட்டான்.

அந்த நாள் வந்தது. பார்த்தசாரதி ஓர் அம்பாசிடர் காரில் ஹெட்மிஸ்ட்ரஸை அழைத்துவந்தார். ஒயூன் என்பது அந்த அம்மாளின் பெயர். வட்ட முகம், கழுத்து வரை பொத்தான் போட்ட நீலப் பட்டு அங்கி. பட்டாபிராமின் வெயில் அந்த அங்கிக்குள் புகுந்து வெளியே வர வழி தெரியாமல் தவித்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மேலே சுழலும் மின்விசிறியை நன்றியோடு பார்த்தார்.

மின்விசிறி நின்றது.

உத்தமனின் பாடமே அன்று ஃபேன், லைட், ஸ்விட்ச்தான். அவன் வாய் திறக்குமுன் கமலேஷ் மேலே பார்த்து முழங்கினாள்:

"கரண்ட்டு கட்டு!"

ஒயூன் நிமிர்ந்தார். "கரண்ட்... கட்?" என்று யோசித்து, புரிந்ததும் கைகொட்டிச் சிரித்தார். புத்தகத்திலிருந்து வராமல் தானாக வந்த பேச்சு! பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒயூனே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஆங்கிலமும் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாண்டித் தாண்டிப் போகிற ஆங்கிலம்தான். தன் கைப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"பேகு!" என்றார்கள் ஐவரும்.

"ஹவுஸ், வேர்?"

"குவாட்டர்ஸு!"

டம்ளரிலிருந்த தண்ணீரைக் காட்டினார். ‘தண்ணி’ என்று வரப் போகிறது. உத்தமனுக்கு, ஜம்புலிங்கம் மாமாவின் ஜன்னலில்லாத அறை கண்ணுக்குத் தெரிந்தது. கிரீஸ் வாடைகூட அடித்தது.

கமலேஷ் டம்ளரை உற்றுப் பார்த்தாள். "போரு வாட்டரு," என்றாள்.

"வாட்டர் இஸ்... போரிங்?" என்றார் ஒயூன்.

"கரெக்ட்டு!"

ஒயூன் அந்த டம்ளரைப் புது மரியாதையோடு பார்த்துவிட்டு, ரூனுவின் பக்கம் திரும்பினார். "டீச்சர், குட்?"

ரூனு எழுந்து நின்றாள். சிரித்தாள். உத்தமனைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "சாரு சூப்பரு. டென்ஷன் இல்ல," என்றாள்.

"இல்ல?" என்றார் ஒயூன். "வாட் இஸ் இல்ல?"

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அங்கம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பார்த்தசாரதிதான் பெரிதாக இருமிவிட்டு, "மேடம், தட் இஸ் நோ. லோக்கல் இங்கிலீஷ்," என்றார்.

"ஆ! லோக்கல்!" என்று ஒயூன் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு உத்தமனை நேராகப் பார்த்து, வேறு எந்த மொழியிலாவது விளக்கம் சொன்னாயா என்று கேட்டார்.

"நோ மேடம். நாட் எ சிங்கிள் வேர்ட்," என்றான் உத்தமன். அது சத்தியமான வார்த்தை.

ஒயூன் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் ஊரில் ஆசிரியர் பேசுகிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள். இங்கே ஆசிரியர் நிற்கிறார், பிள்ளைகள் பேசுகிறார்கள். எனக்கு இதுதான் வேண்டும் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். கடைசியில், "வின்டர். வெரி கோல்ட். யூ, அஃப்ரெய்ட்?" என்றார்.

"நோ மேடம்!" என்றான் உத்தமன், சட்டை முழுக்க நனைந்து சொட்ட.

கார் புறப்பட்டதும் அங்கம்மா அதுவரை அடக்கி வைத்திருந்த தமிழையெல்லாம் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தாள். ஐந்து பெண்களுக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தாள். கஜபதி அம்பத்தூருக்கு ஆள் அனுப்பி, அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி மச்சானிடம் சொல்லச் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலேயே, தொழிற்சாலையில் பழைய கம்பளிக் கோட்டு கிடைக்குமா என்று விசாரிப்பதாகவும் சொன்னார். உத்தமன் வாசலில் நின்றான். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டிகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பனிவெளியாகத் தெரிந்தது. கிரீஸ் வாடை போயே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கஞ்சி போட்ட சட்டையும் முறுக்கிய மீசையுமாக ஒரு ஜவான் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார்.

"நமஸ்தே சார். பல்வீர். கமலேஷோட வீட்டுக்காரரு."

ஆவடிக்கு மாற்றலாகி வந்த பிறகு கடைத்தெருவிலேயே கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. உத்தமன் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். மூணு வருசமா நானு சொல்லிக் குடுத்தேன். ஒரு வார்த்த ஏறல. முன்னெல்லாம் வெங்காயம் வோணும்னாக்கூட நானு டியூட்டி முடிச்சி வர்ற வரிக்கும் வெயிட் பண்ணும். இப்ப அதுவே போவுது, அதுவே பேரம் பேசுது. முந்தாநேத்து தனியா பஸ் ஏறி ஐயப்பன்தாங்கல்ல எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயி வந்துச்சு சார். கண்டக்டர்கிட்ட சண்ட போட்டு சில்லற வாங்கியாந்துச்சு!"

உத்தமனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மங்கோலியா ஒரு பக்கம் இருக்கட்டும். இதோ, தான் கொடுத்த மொழியை வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக ஊரைச் சுற்றி வந்திருக்கிறாள்.

"எல்லாம் அந்த முறையோட பலன்," என்றான் அடக்கமாக. "வேற பாஷையைக் கலக்கவே கூடாது. அதுதான் ரகசியம்."

"ஆமா சார். அதத்தான் அதுவும் சொல்லிச்சு," என்று தலையாட்டிய பல்வீர், இனிப்புப் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார்.

"தமிழு முடிஞ்சிச்சில்ல சார், இங்கிலீஷு எப்போ ஆரம்பிப்பீங்க?"